முதுமைக்கு இசைந்த கருவிகள்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடைகளில் இயலையும் இசையையும் நாடகத்தையும் பற்றிப் பேசுவது நம் மரபு. நான் இன்று பேச எடுத்துக்கொண்டவையோ தோல் சீவும் கத்தி, மருந்துப் புட்டி, தொலைக்காட்சியின் ரிமோட், கைப்பேசி முதலிய எளிய பொருள்கள். இவை மேடைக்கு உரியனவா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், முதியவர் ஒருவர் தம் வீட்டில் தலைநிமிர்ந்து வாழ்கிறாரா, அன்றிப் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்கிறாரா என்பதைப் பெரும்பாலும் இச்சிறு பொருள்களே முடிவு செய்கின்றன. ஆதலின் இவற்றைப் பற்றிப் பேசுவது மானத்தைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உடையவர்கள் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். 2050-ஆம் ஆண்டளவில் ஐவரில் ஒருவர் இவ்வயதினராய் இருப்பர் என்று ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை கணிக்கிறது. அதாவது, இன்று இவ்வரங்கில் முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியோர்களைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களைப் பற்றியும் பேசுகிறேன்.

வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "அப்பாவுக்கு ரிமோட்டை இயக்கத் தெரியாது", "பாட்டிக்குப் போன் புரியாது" என்பதே அது. நாற்பது ஆண்டுகள் அலுவலகக் கணக்குகளைப் பிழையின்றி எழுதிய ஒருவருக்கு, இருபது பேர் கொண்ட குடும்பத்துக்குச் சமைத்துப் பரிமாறிய ஒரு தாய்க்கு, ஒரு சிறு பெட்டியை இயக்கும் அறிவா இல்லாமற் போகும்? ஐம்பது பொத்தான்களை நெருக்கமாகப் பதித்து, அவற்றின்மேல் எறும்பு போன்ற எழுத்தைச் சாம்பல் நிறத்தில் அச்சிட்டவர் அன்றோ குற்றவாளி! குறை மனிதரிடம் இருக்கிறதா, பொருளிடம் இருக்கிறதா என்ற கேள்வியை நாம் எழுப்புவதே இல்லை. இன்று அதனை எழுப்ப விரும்புகிறேன்.

வயது ஏற ஏற உடலில் நிகழும் மாற்றங்களை மருத்துவர்கள் நன்கு ஆராய்ந்துள்ளனர். நாற்பது வயதைக் கடந்ததும் கண்ணின் வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. அருகில் உள்ள எழுத்து மங்குகிறது. இதனையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். பின்னர் வில்லை மஞ்சள் நிறம் கொள்கிறது, கண்பாவை சுருங்குகிறது. இதன் பயனாக, இருபது வயதில் விழித்திரையை அடைந்த ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் அதனை அடைகிறது. வெள்ளைத் தாளில் இளஞ்சாம்பல் எழுத்து இளைஞருக்கு நாகரிகமாகத் தோன்றலாம். முதியவருக்கோ அது வெறுந்தாளே.

செவியின் நிலையும் இத்தகையதே. முதுமையில் முதலில் மறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலி. நம் வீட்டுக் கருவிகள் பலவும் எச்சரிக்கை செய்வதோ அந்தக் கீச்சொலியில்தான். அடுப்பு ஒலிக்கிறது, குளிர்பதனப் பெட்டி ஒலிக்கிறது. கேட்க வேண்டியவருக்குக் கேட்பதில்லை. சற்றுத் தாழ்ந்த சுருதியில் மணியை அமைத்து, அதனுடன் ஒரு சிறு விளக்கையும் ஒளிரச் செய்தால் போதும்.

கை விரல்களில் மூட்டுவாதம் வந்தால், கிள்ளுதலும் முறுக்குதலும் நோவு தரும் செயல்களாகின்றன. தோல் உலர்ந்துபோவதால், விரலின் மின்பண்பைக் கொண்டு இயங்கும் தொடுதிரை சில சமயம் முதியவரின் விரலை உணர்வதே இல்லை. அவர் மேலும் அழுத்துகிறார். திரை வேறொன்றைத் திறக்கிறது. உடனே அவருக்குத் தம்மீதே ஐயம் பிறக்கிறது. நினைவைப் பொறுத்தவரை, நெடுநாள் பழகியது எளிதில் அழிவதில்லை. புதிதாகக் கண்ட எண்ணைச் சில நொடிகள் மனத்தில் தாங்கி நிற்பதே கடினமாகிறது. இவற்றை நோய் என்று கொள்ள வேண்டா. வாழ்வின் இயற்கை என்று கொள்ள வேண்டும். இயற்கை இன்னதென்று தெரிந்த பின்னும் அதற்கு மாறாகப் பொருளைச் செய்வது அறிவுடைமை ஆகுமா?

இந்த உண்மையைத் தம் உடலையே கருவியாக்கி ஆராய்ந்த பெண்மணி ஒருவர் உண்டு. அவர் பெயர் பாட்ரீசியா மூர். நியூயார்க்கில் புகழ்பெற்ற பொருள் வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அவர், மூட்டுவாதம் உள்ளவரும் திறக்கத்தக்க வகையில் குளிர்பதனப் பெட்டியின் கதவை அமைக்கலாகாதா என்று ஒரு கூட்டத்தில் வினவினார். அத்தகையவர்களுக்காக நாம் பொருள் செய்வதில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடை. 1979-ஆம் ஆண்டில், தம் 26-ஆம் வயதில், அவர் எண்பது வயது மூதாட்டியாக வேடம் பூண்டார். பார்வையை மங்கச் செய்யும் கண்ணாடி அணிந்தார், செவியை அடைத்துக்கொண்டார், கைகால் மூட்டுகளை மடங்காதபடி கட்டிக்கொண்டார். 1982 வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் இவ்வேடத்துடன் உலவினார். பேருந்தின் படி, கடையின் கதவு, மருந்துப் புட்டியின் மூடி ஆகிய ஒவ்வொன்றும் முதியவரை எவ்வாறு விலக்கி நிறுத்துகிறது என்பதை நேரில் உணர்ந்தார். பொருளைச் செய்பவர் அதனைப் பயன்படுத்துபவரின் உடலுக்குள் ஒரு நாளேனும் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் வாழ்க்கை புகட்டும் பாடம்.

இனி, தோல் சீவும் கத்தியின் கதைக்கு வருவோம். சாம் ஃபார்பர் என்பவர் சமையற் பாத்திரத் தொழிலில் ஈடுபட்டு ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெட்சிக்கு விரல்களில் மூட்டுவாதம். ஆப்பிளின் தோலைச் சீவும்போது மெல்லிய இரும்புக் கைப்பிடி அவர் விரல்களை வருத்தியது. இதனைக் கண்ட கணவர், இன்னும் நல்லதொரு கைப்பிடி ஏன் இருக்கலாகாது என்று சிந்தித்தார். ஸ்மார்ட் டிசைன் என்னும் வடிவமைப்பு நிறுவனத்தின் துணையுடன் 1990-ஆம் ஆண்டில் ஆக்ஸோ என்ற பெயரில் புதிய சமையற் கருவிகளை வெளியிட்டார். கைப்பிடி பருமனாகவும் நீள்வட்டமாகவும் இருந்தது. ஆதலால் கையில் சுழலவில்லை. ரப்பர் போன்ற மென்பொருளால் ஆனது. ஆதலால் ஈரக் கையிலும் வழுக்கவில்லை.

இக்கதையின் சிறப்பு இனிமேல்தான் இருக்கிறது. அக்கருவியை "முதியோர் கத்தி" என்றோ "நோயாளர் கத்தி" என்றோ பெயரிட்டு அவர் விற்கவில்லை. எல்லார்க்கும் உரிய நல்ல கத்தியாகவே கடையில் வைத்தார். இளையவரும் வாங்கினர், பெரிதும் விற்றது, நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தின் தொகுப்பிலும் இடம் பெற்றது. நோவுள்ள கைக்கு எளிதானது நோவற்ற கைக்கு இன்னும் எளிதாயிற்று.

ஜப்பானிலும் இத்தகைய செயல் ஒன்று நிகழ்ந்தது. காவோ என்ற நிறுவனம் 1991-இல் தன் ஷாம்பு புட்டியின் பக்கங்களில் தொட்டறியத்தக்க சிறு வரிகளை அமைத்தது. தலைக்குப் பின்னர் இடும் கண்டிஷனர் புட்டியில் அவ்வரிகள் இல்லை. பார்வையற்றவர் இரண்டனையும் வேறுபடுத்தி அறிய வேண்டும் என்பதே நோக்கம். ஆனால், தலைக்கு நுரையிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளாதவர் யார்? குளியலறையில் எல்லாரும் பார்வையற்றவரே. ஆகவே அவ்வரிகள் அனைவர்க்கும் பயன்பட்டன; பிற நிறுவனங்களும் அவ்வாறே செய்தன.

இவ்விரு சான்றுகளிலிருந்து நான் கூற வந்த கருத்து விளங்கும். முதியோருக்கென்று தனிப்பொருள் செய்து ஒரு மூலையில் வைப்பது போதாது. பொதுப்பொருளையே முதியோரையும் எண்ணிச் செய்தல் வேண்டும். தனிப்பொருளுக்கு விலை மிகுதி, கிடைப்பது அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதனைக் கையில் எடுக்கும்போதே "நீ கிழவன்" என்று அது கூறுகிறது. மானமுள்ளவர் எவரும் அதனை விரும்பி வாங்கார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவரே இக்கொள்கைக்குப் பொது வடிவமைப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டு, அதனைப் பரப்பியவர். 1997-இல் அவரும் அவர்தம் தோழர்களும் இதற்கு ஏழு நெறிகளை வகுத்தனர்.

"ஒருவருக்கு எளிதாக்கினால் மற்றொருவருக்கு ஆபத்தாகாதா?" என்று கேட்பாரும் உளர். தக்க கேள்வியே. குழந்தைகள் மருந்தைத் திறந்து விழுங்கி இறப்பதைத் தடுக்க, அமெரிக்காவில் 1970-இல் சட்டம் இயற்றினர். அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டிய மூடிகள் வந்தன. குழந்தைகள் காக்கப்பட்டனர், ஆனால் முதியவர்களாலும் அவற்றைத் திறக்க இயலவில்லை. சிலர் மூடியைத் திறந்தபடியே வைத்தனர், காப்பு வீணாயிற்று. காரணம் யாது? மூடிகளைச் சோதித்தபோது, 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களையே பெரியவர்களாகக் கொண்டு சோதித்திருந்தனர். 1995-இல் விதியை மாற்றி, 50 முதல் 70 வயது வரை உள்ளவர்களால் திறக்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும் என ஆணையிட்டனர். வலிமையை வேண்டாது முறையை மட்டும் வேண்டும் மூடிகள் அதன்பின் பெருகின. முதியவரை வைத்துச் சோதித்தாலன்றி முதியவருக்கு ஏற்ற பொருள் வாராது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள்தாமே என்று எண்ண வேண்டா. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின்பேரில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதில் அவர்கள் மிகவும் வியந்து போற்றியது நம் நாட்டுச் செம்பு. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், கை எங்கே பற்ற வேண்டும், தலையிலும் இடுப்பிலும் எவ்வாறு தங்க வேண்டும், எப்படி ஊற்ற வேண்டும், எப்படித் துலக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் எண்ணற்ற தலைமுறைகள் கையாலேயே சிந்தித்துச் சமைத்த வடிவம் அது. கழுத்து குறுகியிருப்பதால், நடுங்கும் கைக்கும் அது பிடி கொடுக்கிறது. அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனமே பின்னர், யாவர்க்கும் ஏற்ற பொருளுக்கு ஐந்து நெறிகளை வகுத்தது. சமம், எளிமை, பண்பாட்டுப் பொருத்தம், சிக்கனம், அழகு என்பன அவை. தரையில் அமர்ந்து உண்பவரும் கையால் உண்பவரும் நிறைந்த நாட்டில் பண்பாட்டையும், ஏழையர் நிறைந்த நாட்டில் சிக்கனத்தையும் சேர்த்தது நம்மவரின் நுண்ணறிவு.

பழமை எல்லாம் முதியோருக்கு நன்மை என்றும் நான் கூறேன். அரிவாள்மணையும் ஆட்டுக்கல்லும் முழங்காலையும் தோளையும் வருத்தியவை. மின்சாரத்தால் இயங்கும் கிரைண்டர் அவ்வருத்தத்தைத் தீர்த்தது. ஆயினும், மாவை வழிக்கக் கனத்த கல்லைத் தூக்கும் துன்பம் எஞ்சி நின்றது. பாத்திரத்தையே சாய்த்து மாவை வழிக்கும் கிரைண்டர் வந்தபின் அதுவும் குறைந்தது. கிரைண்டருக்குப் பெயர்பெற்ற கோயமுத்தூர் நகரத்தை இங்கே நன்றியுடன் நினைக்கலாம். இத்தலைநகரில் 2002-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ இரயிலையும் பாருங்கள். நிலையங்களில் லிஃப்டும், சாய்தளமும், கால் உணரும் வரித்தடமும் உண்டு. நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டத்தில் உள்ளன. ஊரிலிருந்து பெட்டியும் மூட்டையுமாக வந்து இறங்குபவரும், கைக்குழந்தையுடன் வரும் தாயும் அவற்றால் பயன் அடைகின்றனர். முதியோருக்கு எளிதாக்கிய வழியில் நாடே நடக்கிறது.

அன்பர்களே, இதுவரை கூறியவை கைக்கும் காலுக்கும் உரியவை. இனிக் கூறப்போவது நம் காலத்தின் பெருஞ்சிக்கல். வங்கியும், ஓய்வூதியமும், பயணச் சீட்டும், மருத்துவரைக் காணும் நேரமும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. ஆறு இலக்க எண் ஒன்று செய்தியாக வருகிறது. அதனை மனத்தில் தாங்கி, வேறொரு திரைக்குச் சென்று, குறித்த நேரத்துக்குள் பிழையின்றி இடவேண்டும். நான் முன்னர்க் கூறிய கண், விரல், நினைவு ஆகிய மூன்றன் தளர்ச்சியையும் ஒரே நொடியில் சோதிக்கும் தேர்வு இது! இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் அளித்தல் கூடாதா என்று கேட்பதற்கும் ஆளில்லை.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஓய்வூதியர் ஆண்டுதோறும் நேரிற் சென்று உயிர்வாழ் சான்றிதழ் தரவேண்டியிருந்த நிலையை மாற்ற, 2014-இல் ஜீவன் பிரமாண் என்னும் மின்முறை வந்தது. விரலை வைத்தால் கருவி கைரேகையைக் கண்டு சான்று அளிக்கும். ஆனால், உழைத்துத் தேய்ந்த விரலிலும் முதுமையால் சுருங்கிய விரலிலும் ரேகை தெளிவாக இராது. உயிரோடு எதிரே நிற்பவரையே கருவி அறியாது விழித்தது. பின்னர் 2021-இல் முகத்தைக் கண்டு சான்றளிக்கும் முறை சேர்க்கப்பட்டது. வீட்டில் இருந்தபடியே கைப்பேசியால் அதனைச் செய்யலாம். பழைய பொத்தான் கைப்பேசியிலிருந்து பேசியே பணம் செலுத்தும் முறையை 2022-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்தது. குறையை மனிதரிடம் தேடாமல் கருவியிடம் தேடினால் வழி பிறக்கும் என்பதற்கு இவை சான்றுகள்.

நம்மைப் போல் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்வோருக்கு இச்சிக்கல் இருமடங்கு. பணி ஓய்வுக்குப் பின் மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மக்களோடு வாழ வந்த பெற்றோர் நம்மிடையே பலர். இங்கே லிஃப்ட் இந்தியில் பேசுகிறது; வங்கி ஆங்கிலத்தில் எழுதுகிறது. ஊரில் தனியே சென்று மின்கட்டணம் செலுத்தி, காய்கறி வாங்கி, கோயிலுக்குச் சென்று வந்தவர், இங்கே கதவின் வாயிற்காவலருடன் பேசவும் மகனை நாடுகிறார். பகலில் மகனும் மருமகளும் அலுவலகத்தில். அவசரத்துக்கு எவரேனும் உதவ முன்வந்தால், இரகசிய எண்ணையும் கைப்பேசியையும் ஒருங்கே கொடுத்துவிடுகிறார். காவல் துறையினர் பெயரைச் சொல்லி அச்சுறுத்தி, முதியோரின் வாழ்நாள் சேமிப்பைக் கவரும் கயவர்களைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். புரியாத கருவி மனிதரை அச்சத்தில் ஆழ்த்துகிறது. அச்சம் அவரை வஞ்சகர் கையில் ஒப்படைக்கிறது. இழப்பது பணம் மட்டும் அன்று. "என்னால் இயலும்" என்ற உறுதியையும் அவர் இழக்கிறார். அதனை எந்த வங்கியும் மீட்டுத் தராது.

நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, பொருள் வாங்கும்போது சோதித்து வாங்குதல். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதன் எழுத்தைப் படித்துப் பாருங்கள். கையைச் சற்று ஈரமாக்கிக்கொண்டு மூடியைத் திறந்து பாருங்கள். வழவழப்பான கண்ணாடித் தளத்தில் தொட்டு இயக்கும் அடுப்பா, திருகும் குமிழ் உள்ள அடுப்பா என்று தேரும்போது, குமிழை நாடுங்கள். அது எந்நிலையில் உள்ளது என்பதைக் கண்ணும் காணும், கையும் அறியும்.

இரண்டாவது, வீட்டில் சிறு மாற்றங்கள். படிகளின் விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டை தீட்டுங்கள். குளியலறையில் வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி வேண்டா, நிறமுள்ளதைப் பொருத்துங்கள். ரிமோட்டில் வேண்டிய மூன்று பொத்தான்கள்மேல் வண்ணப் பொட்டு இடுங்கள். மாத்திரை அட்டையைத் துண்டாக்கி வாங்கினால், காலாவதி நாள் வெட்டுண்டு போகிறது. அந்நாளை உறையின்மேல் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கவும், மொழியைத் தமிழாக்கவும் இயலும். ஐந்து நிமிட வேலை. ஆயினும் பல வீடுகளில் எவரும் செய்து கொடுப்பதில்லை.

மூன்றாவது, கற்பிக்கும் முறை. பாட்டியின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி, விரைவாக நான்கு இடங்களில் தட்டி, "இவ்வளவுதான்" என்று திருப்பிக் கொடுப்பது கற்பித்தல் ஆகாது. கருவி அவர் கையிலேயே இருக்கட்டும். அவர் விரலே தொடட்டும். நாம் பொறுமையுடன் அருகில் இருப்போம். ஒவ்வொரு படியையும் அவர் தம் எழுத்தில் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், நம் சங்கக் கட்டடத்தில் இளைஞர் இருவர் மூவர் அமர்ந்து, தமிழில் இவற்றைக் கற்பித்தால் அது பெரும் தொண்டாகும். இவ்வேண்டுகோளை நிர்வாகக் குழுவினர் முன் பணிவுடன் வைக்கிறேன்.

நான்காவது, இங்கே அமர்ந்துள்ள பொறியாளர்களுக்கும் கணிப்பொறித் துறையினருக்கும் ஒரு சொல். நீங்கள் ஆக்கும் செயலியையும் கருவியையும் வெளியிடுமுன், உங்கள் தாயிடமோ தந்தையிடமோ கொடுத்து, வாய் திறவாமல் பத்து நிமிடம் பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே உங்கள் வேலை இன்னும் முடியவில்லை என்று அறியுங்கள்.

இளைஞர்களே, முதுமை வேறோர் இனத்தாரின் நோய் அன்று. ஆயுள் நீண்டால் நாம் அனைவரும் சென்று குடியேறும் ஊர் அது. அவ்வூரின் வீதிகளையும் படிகளையும் கதவுகளையும் இன்று அமைப்பவர்கள் நீங்களே. நாளை உங்கள் கை நடுங்கும்போது, அக்கதவு உங்களுக்குத் திறக்குமாறு இன்றே செய்து வையுங்கள்.